மூன்றாம் மாடியைக் காலி செய்கிறவனுக்கு

கதிர்,

நேற்று மதியம் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, நான் கேஎல்லுக்குப் போயிடவா?" என்று கேட்டாய். நான், "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றேன். கை கழுவின பிள்ளைக்கு யாராவது ரசம் ஊற்றுவார்களா? நான் தப்பித்துக்கொண்டேன் என்று உனக்கும் தெரியும். நீ காடியை ஓட்டிக்கொண்டு கெலுகோரில் உன் வீட்டுக்குத் திரும்பின பிறகு உன் அப்பா, "புள்ள வாயத் தொறந்து கேட்டான், நீ ரசத்தக் காட்டுற" என்று திட்டினார். அவர் திட்டியது நியாயம். ஆனால் எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நடுத்தரமாக ஒன்று வராது. பேசினால் அழுவேன், இல்லையென்றால் உத்தரவு போடுவேன். எழுதும்போதுதான் கொஞ்சம் நிதானம் வருகிறது. சுங்கை பாக்காப் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள், பிறகு உன் பாடப்புத்தகங்களையும் மாத்திரை அட்டைகளையும் படித்துப் படித்து எழுத்தைப் பிடித்துக்கொண்டவள், எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில், நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். உன் மருத்துவக் கல்லூரி நூலகத்தின் மூன்றாம் மாடியை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். அங்கே ரப்பர் பொம்மைகளைப் படுக்கவைத்து, பிள்ளைகள் ஊசி போடவும் மூச்சுக்குழாய் நுழைக்கவும் பழகும் அறை வரப்போகிறது. மூன்று பேராக இருந்தீர்கள். அந்த மலாய்க்கார அக்கா, கக் ரொக்கியா, ஓய்வு பெற்றுப் போனார், அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இன்னொருவரை மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இனி நீ ஒருவன், இரண்டாம் மாடி மூலையில் ஒரு மேசை. இந்த நேரத்தில்தான் கேஎல்லில், கோலாலம்பூரில் இருக்கும் அந்தக் கம்பெனி, மருத்துவச் சஞ்சிகைகளைக் கல்லூரிகளுக்கு விற்கிற கம்பெனி, உன்னைக் கூப்பிடுகிறது. சம்பளம் இப்போது வாங்குவதைப் போல ஒன்றரைப் பங்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். ஒன்பது வருடம் பார்த்த வேலையை விட்டுவிடுவதா, ஆளும் இடமும் இல்லாமல் அங்கேயே நிற்பதா என்பதுதான் உன் கேள்வி. சரிதானே?

பதில் சொல்வதற்கு முன்னால் நான் சில விஷயங்களை ஒப்புக்கொள்ளவேண்டும். உன் வேலையைப் பற்றி யோசனை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கமாட்டாய். ஆனால் கேட்டால் பதில் இல்லாமல் முழிப்பேன்.

உனக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காத வருடம் நான் மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டேன், பேசவில்லை. "அவ சட்டியோடதான் பேசுறா, விடுடா" என்று அப்பா உன்னைச் சமாதானப்படுத்தியது எனக்குக் கேட்டது. நூலகப் படிப்புக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது, நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பல வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் ராஜம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மகன் மெடிக்கல் காலேஜ்லதானே இருக்காரு? டாக்டர்தானே?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. "எல்லாம் முருகன் செயல் அக்கா" என்றேன். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை, சாமியை நடுவில் நிறுத்திவிட்டேன். நீ அர்ச்சனைத் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். வீடு திரும்பும்போது, காடியை ஜெலுத்தோங் சிவப்பு விளக்கில் நிறுத்தியபோதுதான், "முருகன் எப்பம்மா எனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாரு? என்கிட்ட சொல்லவே இல்லையே லா" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சரி, நான் என்ன வேலை பாக்குறேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். "புத்தகம் அடுக்குற வேலை" என்றேன். அப்போதுதான் நீ சிரித்தாய். வேடிக்கைக்குச் சிரிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். வலித்தாலும் நீ அப்படித்தான் சிரிப்பாய் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரியவந்தது அப்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்த அன்று. அதைப் பற்றி நாம் இருவரும் முழுதாகப் பேசியதே இல்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்பாவின் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அது குறைந்தால் உள்ளே கட்டி சேரும் பயம், கூடினால் ரத்தம் கசியும் பயம். நான் அந்த எண், மாத்திரையின் அளவு, காலை மாலை ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பேன். பழக்க தோஷத்தில் அன்றன்று என்ன சமைத்தேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதுவேன். அந்த வருடம் தைப்பூசத்துக்கு அவருடைய உடம்புக்காகப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் விரதம். வீட்டில் ஒருத்தி விரதமென்றால் அடுப்பும் விரதம்தானே. அப்பாவுக்கும் சைவம்தான். மீனும் கோழியும் இருந்த இடத்தைக் கீரையால் நிரப்பினேன். முருங்கைக்கீரைப் பொரியல், பசலைக்கீரைக் கூட்டு, பசாரில் வாங்கிய சாயுர் மானிஸ் கீரை, ஒருநாள் விட்டு ஒருநாள் கங்குங் கீரை. உடம்புக்கு நல்லது என்று அவர் தட்டில் இரண்டு கரண்டி கூடவே வைத்தேன்.

எண் இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அந்தச் சீன டாக்டரம்மா, சின்னப் பெண், ரொம்பப் பொறுமையானவள், சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று மலாயில் கேட்டாள். "தாடா டாக்டர், பியாசா" என்றேன். ஒன்றுமில்லை, வழக்கம்போலத்தான் என்று. அடுத்த முறையும் கேட்டாள். அதே பதில். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. வருடா வருடம் இருக்கிற விரதம் எப்படி மாற்றமாகும்? இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். விரதம் என்று சொன்னால் விடச் சொல்லிவிடுவாளோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். அது எனக்கும் முருகனுக்கும் உள்ள விஷயம், டாக்டர் எதற்கு நடுவில் என்று நினைத்தேன். அவள் பாவம், எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினாள். தண்ணிமலை முருகன் கோயிலில் பால்குடத்தைச் செலுத்திவிட்டு வந்தேன். மறு வாரம் வீட்டில் மீன் குழம்பு, கோழிப் பிரட்டல். நாற்பத்தெட்டு நாள் தின்ற கீரையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரை மட்டும் கூட்டின அளவிலேயே இருந்தது. மூன்றாவது வாரம் அப்பாவின் கையில் நீலம் பாய்ந்தது, பல் விளக்கினால் ரத்தம், பிறகு அந்தக் காலையில் மூக்கு. துண்டை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அவரை இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். எல்லோரும் மாத்திரையை மாற்றித் தின்றாரா என்று கேட்டார்கள். என்மேலும் சந்தேகம் வந்தது, எனக்கே என்மேல் வந்தது. நீ மட்டும் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து, "அம்மா, நோட்ட எடுங்க" என்றாய். என்ன மாற்றம் என்று நீ கேட்கவில்லை. "எண் மொத மொத எறங்குன அந்த வாரம், திங்கக்கெழம என்ன சமைச்சீங்க?" என்றாய். படித்தேன். "செவ்வா?" படித்தேன். "அப்பா எத்தன கரண்டி சாப்பிட்டாரு? நீங்க போட்டீங்களா, அவரே போட்டுக்கிட்டாரா?" இப்படியே ஒவ்வொரு நாளாக. போலீஸ்காரன் கேட்பது போல இல்லை, பசாரில் கீரை வாங்குகிறவன் கேட்பது போலக் கேட்டாய். தைப்பூசத்துக்குப் பிந்தின பக்கங்களுக்கு வந்தபோது நீ பென்சிலைக் கீழே வைத்தாய். எனக்கும் புரிந்துவிட்டது. கீரை மாத்திரையின் வேகத்தை அடக்கியிருக்கிறது, கீரை நின்றதும் கூட்டின மாத்திரை மட்டும் மிஞ்சிவிட்டது. அவருக்காக எடுத்த விரதம், அவர் ரத்தத்தையே ஊற்றிவிட்டது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "விரதத்துல தப்பில்லம்மா. டாக்டருக்கு விரதம் தெரியாமப் போச்சு. அவ்ளோதான்." அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் உனக்கு எத்தனை ஜென்மம் நன்றி சொன்னாலும் தீராது.

அன்று நீ மடிக்கணினியில் கல்லூரி நூலகத்தின் கணக்கைத் திறந்து, பல நாட்டு டாக்டர்கள் எழுதியவற்றில் தேடி, மூன்று கட்டுரைகளைப் பொறுக்கி எடுத்தாய். அவற்றோடு ஒரே ஒரு பக்கம் நீ எழுதினாய். எந்த நாளில் என்ன சாப்பாடு, அந்த வாரம் எண் என்ன, கட்டுரைகள் என்ன சொல்கின்றன என்று. அதை வாசித்துவிட்டு டாக்டரம்மா என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, ஏன் சொல்லல?" என்று மலாயில் கேட்டாள். கோபமில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கீரையை நிறுத்தவேண்டும் என்று நினைத்தேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும், மாற்றுவதென்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்றாள். மூன்று மாதம் கழித்து நீ அவளோடு சேர்ந்து தமிழ், மலாய், சீனம் என்று மூன்று மொழியில் ஒரு தாள் அடித்தாயே, அது இன்றும் அந்தக் கிளினிக் சுவரில் இருக்கிறது. தைப்பூச விரதம், சீனர்கள் ஒன்பது நாள் சைவம் இருக்கும் திருவிழா, நோன்பு மாதம் எல்லாம் அதில் இருக்கிறது. போன வருடம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவி அந்தத் தாளை விரலால் காட்டி டாக்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரிந்தது.

அப்பா வீடு திரும்பிய வாரம் உன் மாமா பார்க்க வந்தது ஞாபகமிருக்கிறதா? என் தம்பிதான், வாடகைக் காடி ஓட்டினாலும் வாய் மட்டும் விமானம் ஓட்டும். கையில் போனை வைத்துக்கொண்டு, "அக்கா, இந்த ஏஐ-கிட்ட கேட்டாப் போதும் லா. ஒங்க மகன்கிட்ட ஒன்னு கேட்டா அவன் நாலு கேள்வி திருப்பிக் கேக்குறான். இது ஒன்னும் கேக்காம டக்குனு சொல்லுது!" என்றான். நீ, "அதான் மாமா அதோட வியாதியே" என்றாய். அவன் விடவில்லை. அப்பாவின் கீரை விஷயத்தைக் கேட்டான். கீரையை அடியோடு நிறுத்து என்று அது சொன்னது. ஆதாரம் என்று ஒரு கட்டுரையின் பெயர், எழுதியவர், வருடம், பக்கம் எல்லாம் வரிசையாகக் கொடுத்தது. மாமா வெற்றி பெற்றவன் மாதிரி மீசையைத் தடவினான். நீ மடிக்கணினியைத் திறந்து அந்தச் சஞ்சிகையின் அந்தப் பக்கத்துக்கே போய், "மாமா, இங்க கால் ஆணியப் பத்தித்தான் எழுதியிருக்கு" என்றாய். அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இல்லை. "பேரு, வருஷம், பக்கம் எல்லாம் போட்டிருக்கேடா!" என்று மாமா வாயைப் பிளந்தான். "பொய்யும் டை கட்டிக்கிட்டு வரும் மாமா" என்றாய். எனக்குப் பிடித்தது நீ அதற்கப்புறம் சொன்னதுதான். நீ அந்த இயந்திரத்தைத் திட்டவில்லை. "நானும் தெனம் அதவச்சுத்தான் வேல செய்றேன். நல்லா ஓடியாடி வேல செய்யும். சாட்சி சொல்ல மட்டும் கூப்பிடக்கூடாது" என்றாய். மாமா அன்று இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டான்.

இப்போது போன புதன்கிழமைக்கு வருகிறேன். காலி செய்வதற்கு முன்னால் மூன்றாம் மாடியை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று நான்தான் கேட்டேன். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். பாதி அலமாரி வெறுமையாக இருந்தது, மீதியைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கெட்டி அட்டை போட்ட பழைய சஞ்சிகைகளை, பழைய பேப்பர் எடுக்கிற லாரிக்கு என்று ஒரு பக்கமாகக் குவித்திருந்தார்கள். நீ ஒவ்வொன்றின் முதுகையும் விரலால் தடவிக்கொண்டே நடந்தாய். "இதெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, நஷ்டமில்ல" என்று வாய் சொன்னது, விரல் வேறு சொன்னது. "டீன் என்ன சொன்னாரு தெரியுமா? பசங்க யாரும் மேல வர்றதே இல்ல, எல்லாம் போன்லயே கெடைக்குது, அப்புறம் எதுக்கு லைப்ரரின்னு." உன்னைத் தேற்ற நினைத்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத்தான் நீட்டினேன்.

பிறகு கீழே உன் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு நீ வேலை பார்த்தாய். சும்மா உட்காரத் தெரியாதவள் நான், உனக்குத் தெரியும். எண்ண ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம். அலமாரிப் பக்கம் போனவர்கள் ஒருவர்கூட இல்லை, உன் டீன் சொன்னது சரி. ஆனால் உன்னிடம் வந்தவர்களும் போனில் கூப்பிட்டவர்களுமாகப் பதினொரு பேர். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணைப் பற்றி எழுதவந்த ஒரு மாணவி, எந்த வயது, எந்தப் புண், எதோடு எதை ஒப்பிடப்போகிறாய் என்று நீ கேட்கக் கேட்க, தான் கேட்க வந்ததே வேறு என்று கண்டுபிடித்துக்கொண்டு போனாள். வார்டிலிருந்து ஒரு டாக்டர், கர்ப்பிணிக்கு ஒரு மருந்து கொடுக்கலாமா என்று அவசரமாகக் கேட்டார். அதற்கு நீ வேறு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இருபது நிமிடத்தில் தேடிக் கொடுத்தாய். பெயர் சொல்லாத ஒரு இளம் விரிவுரையாளர், தன்னைப் பெரிய அறிஞர் என்று புகழ்ந்து ஒரு சஞ்சிகையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பணம் கட்டினால் நாலே நாளில் கட்டுரையைப் போடுவார்களாம் என்று முகமெல்லாம் பல்லாக வந்தார். "நாலு நாள்ல யாரு சார் அத உக்காந்து படிச்சுச் சரிபார்ப்பாங்க?" என்று நீ மெதுவாகக் கேட்டாய். அவர் முகம் வாடியதைப் பார்த்து, நல்ல சஞ்சிகை ஒன்றின் பெயரை நீயே எழுதிக் கொடுத்து, "இதுல ஆறு மாசம் ஆகும், ஆனா நிக்கும்" என்று முதுகில் தட்டி அனுப்பினாய்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "இதெல்லாம் எங்க எழுதி வைக்கிற?" நீ என்னை விசித்திரமாகப் பார்த்தாய். "எத?" "இந்தப் பதினொன்ன." "அதெல்லாம் எழுதுறதில்லம்மா. வாசல்ல எத்தன பேரு நுழைஞ்சாங்க, எத்தன புத்தகம் வெளிய போச்சு, அதான் வருஷா வருஷம் ரிப்போர்ட். ரெண்டும் வருஷா வருஷம் எறங்குது."

கதிர், நான் படிக்காதவள், ஆனால் நோட்டு எழுதுகிறவள். அப்பாவுடைய மாத்திரையையும் எண்ணையும் மட்டும் எழுதியிருந்தால் அன்றைக்கு நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. யாரும் கேட்காத சாப்பாட்டை எழுதியதால்தான் கிடைத்தது. நீயும் உன்னைப் போன்றவர்களும் குறைகிற இரண்டை மட்டும் வருடா வருடம் எழுதி மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கூடுகிற ஒன்றை எழுதுவதே இல்லை. பிறகு டீன் எப்படிக் காண்பார்? அவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. நான் அந்த டாக்டரம்மாவிடம் "பியாசா" என்று சொன்னேனே, நீயும் உன் டீனிடம் அதையேதான் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். யார் கேட்டார், என்ன கேட்டார், நீ கொடுத்ததை வைத்து என்ன செய்தார், இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுது. நோயாளியின் பெயர் வேண்டாம். எழுதி, மாதம் ஒருமுறை ஒரே பக்கமாக அவர் மேசையில் வை. அவர் படிக்காமலும் போகலாம். உலகத்தில் எல்லா நோட்டையும் யாரோ ஒருவர் வந்து திறந்து பார்ப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

அலமாரியைப் பற்றி நான் ஒன்று சொன்னால் நீ வருத்தப்படக்கூடாது. அதை விட்டுவிடு. அதற்காக நீ டீனோடு சண்டை போட்டால், நீயும் உன்னைப் புத்தகம் அடுக்குகிறவன் என்றே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அந்தத் தப்பை நான் செய்தது போதும். டாக்டரம்மா உன்னைச் செவ்வாய்க்கிழமைகளில் வார்டு சுற்றும்போது கூடவே வரச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. "அங்க எனக்கு மேச கூடக் கெடையாதும்மா" என்று நீ தட்டிக்கழித்தாய். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று நாலு கேள்வி கேட்க எதற்கு மேசை? சமையலறையில் உட்கார்ந்து நீ அதைச் செய்தவன்தானே. ஒரு ஆளாக மூன்று பேர் வேலையை இழுத்தால் உடம்பு கெட்டுவிடும், அதையும் சொல்கிறேன். வார்டுக்குப் போவதென்றால், எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு நில். நல்ல பிள்ளை என்று பெயரெடுக்க எல்லாவற்றுக்கும் தலையாட்டாதே. அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது, வேறு யாரையும் குறை சொல்லமுடியாது.

கேஎல் கம்பெனியைப் பற்றியும் நான் நியாயமாகப் பேசவேண்டும். அந்த வியாபாரத்தை நீ எனக்கு விளக்கியபோது நான் நம்பவில்லை. டாக்டர்கள் ஆராய்ச்சி செய்து சும்மா எழுதிக் கொடுக்கிறார்களாம், வேறு டாக்டர்கள் சும்மா படித்துத் திருத்துகிறார்களாம், கடைசியில் அதே டாக்டர்களின் கல்லூரி அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டுமாம், சிலவற்றுக்கு ஒரு வருடச் சந்தாவே ஒரு காடி விலையாம். அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவனையும் சமைத்தவனையும் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாட்டுக்குச் சீட்டு வாங்கச் சொல்வது போல இருக்கிறதே என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இப்போதெல்லாம் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவதும் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதிலும் சில இடத்தில் எழுதுகிறவன் தலையில் செலவு விழுகிறது என்றும் சொன்னாய். ஆக, நல்லவன் கெட்டவன் என்று பிரித்துவிட முடியாத இடம் அது. அங்கேயும் விவரம் தெரிந்த, மனசாட்சி உள்ள ஒருவன் உட்கார்ந்தால் வாங்குகிறவர்களுக்கு நல்லதுதான். நீ அங்கே போனால் துரோகம் செய்ததாக நான் ஒருநாளும் நினைக்கமாட்டேன். அந்த வேலை பிடித்திருக்கிறது, உலகத்தைப் பார்க்கவேண்டும், காசு வேண்டும் என்று போனால் மகிழ்ச்சியாகப் போய்வா. முப்பத்து நாலு வயதில் ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் 'இங்கே யாருக்கும் நான் தேவையில்லை' என்று நினைத்துக்கொண்டு போகாதே. அது உண்மையில்லை. பதினொரு பேரை நான் என் கண்ணால் எண்ணினேன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ராஜம்மா அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, எம்மகன் டாக்டர் இல்ல. டாக்டருங்களுக்குச் சந்தேகம் வந்தா அவன்கிட்டதான் கேப்பாங்க, அந்த வேல." அவர், "அப்ப டாக்டருக்கும் மேலயா?" என்றார். நான் என்ன செய்வேன்? கீழே இறக்கப் போனேன், அவராக இன்னும் ஒரு படி ஏற்றிவைத்துவிட்டார். அதைத் திருத்த இன்னொரு வெள்ளிக்கிழமை வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு கட்டுரையை நம்பலாமா என்று பார்க்கும்போது நீ முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போவாய் என்று சொன்னாய். எழுதியவருக்கு அந்த மருந்துக் கம்பெனியோடு ஏதாவது தொடர்பு உண்டா, அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று அங்கே அவரே எழுதியிருக்கவேண்டுமாம். ஆதாயம் இருப்பது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு என்றாய். அதனால் நானும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதியவளுக்கு, நீ பினாங்கிலேயே இருப்பதில் ஆதாயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உன் காடிச் சத்தம் கீழே கேட்டால்தான் எனக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும். ஆகையால் அலமாரியைப் பற்றி, நோட்டைப் பற்றி, வார்டைப் பற்றி மேலே நான் சொன்னதையெல்லாம் கொஞ்சம் குறைத்தே எடைபோடு. யோசனை சொல்வதாக நினைத்துக்கொண்டு உன்னைப் பிடித்து வைத்திருக்கிறேனோ என்று எனக்கே தெரியவில்லை.

என்னால் முடிந்த ஒன்றை மட்டும் செய்தேன். இன்று காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு, உன்னிடம் சொல்லாமல், நாங்கள் இருவருமாகப் பஸ் பிடித்துக் கிளினிக்குக்குப் போய்வந்தோம். என் உடைந்த மலாயில் நானே எல்லாம் பேசினேன். இந்த வருட விரதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, என்ன சமைப்பேன், எத்தனை கரண்டி என்பது வரைக்கும். டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். பிசகில்லாமல் நடந்தது. எனவே அப்பாவின் மருந்துக்காக இங்கே இருக்கவேண்டும் என்று ஒரு காரணம் உன் மனதில் இருந்தால், அதை எடுத்துவிடு. மீதியை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை நீயே முடிவு செய்.

திரும்பி வரும் வழியில் கோயில் வாசலில் பஸ் நின்றது. இறங்கிப் போய்க் கும்பிட்டேன். 'என் பிள்ளை இங்கேயே இருக்கட்டும்' என்பது வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் முருகன் கொடுத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது.

அம்மா